பந்தயச் சாலையில் கொள்ளு

அன்றைக்கு மதுரை விளாங்குடி அலுவலகத்தில் இருந்தது மூன்று பேர். கம்ப்யூட்டர் பந்தய விளையாட்டில் எந்தத் தரையில் கார் எவ்வளவு வழுக்க வேண்டும் என்று நிரல் எழுதும் சாந்தாராம், சாலைக்கும் சுவருக்கும் படம் பூசும் நிர்மலா, பந்தயத் தடத்தை வளைத்து நிமிர்த்தி அமைக்கும் நான். மற்றவர்கள் திண்டுக்கல் ரோட்டில் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லை. அவர் அக்கா.

அக்கா என்று நான் சொல்வது நம் நிறுவனத்தின் முதலாளியை. பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். அப்பாவின் ஆப்பரேஷனுக்காகச் சென்னை போயிருந்தார். செல்போன் அணைந்திருந்தது. எங்களுக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டு விளையாட்டு நிறுவனத்தின் தொலைபேசி அழைப்புகளை எப்போதும் அவர்தான் எடுப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து தலையாட்டுவோம். தலையாட்டுவது அந்தப் பக்கம் தெரியாது என்பதுகூட எங்களுக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்து மூன்று வயதில் ஓய்வு என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். நம் தொழிலில் இது முதுமைதான். நான் சேர்ந்தபோது கணினியில் ஓடிய கார்களை இன்று காட்டினால் தீப்பெட்டி என்பீர்கள். அடுத்த மாதம் கல்லூரியில் பாடம் எடுக்கப் போகிறேன். போவதற்கு முன் அந்தச் சாயங்காலத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நாம் வேலை செய்கிற இந்தப் பந்தய விளையாட்டு வரிசையின் முதல் பாகத்தை நான் பார்த்தது பெரியார் பஸ் நிலையம் பக்கத்திலிருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பள்ளி முடித்து, உசிலம்பட்டிப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து அங்கே கம்ப்யூட்டர் படித்தேன். சார் சாப்பிடப் போகும் நேரத்தில் பையன்கள் அந்த விளையாட்டைப் போடுவார்கள். சார் வந்து அழிப்பார். மறுநாள் திரும்பவும் இருக்கும். கார் மூன்று பெட்டிகளை ஒட்டிவைத்தது போல இருந்தது. சக்கரம் சுற்றாது. சாலை ஒரு சாம்பல் நிற நாடா. மரங்கள் அட்டைகள், நாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவையும் நம்மைப் பார்த்துத் திரும்பும். எனக்கோ அது உலக அதிசயமாகத் தெரிந்தது.

இரண்டாம் பாகத்தில் காருக்கு நிழல் வந்தது. ஒரு கறுப்புத் திட்டுதான். ஆனால் அதுவரை மிதந்துகொண்டிருந்த கார் அன்றைக்குத்தான் தரையைத் தொட்டது. மூன்றாம் பாகத்தில் இடித்தால் கார் நசுங்கியது. அந்தப் பாகத்தில்தான் அக்காவின் நிறுவனத்துக்கு அவர்களிடமிருந்து வேலை கிடைத்தது. மரம் வரைகிற வேலை மட்டும். நானும் அப்போதுதான் சேர்ந்தேன்.

அந்த மரங்களில் ஒரு கூத்து நடந்தது. அறுபது மரம் வரைந்து அனுப்பினோம். எல்லாம் அவர்கள் ஊர் மரங்கள், புகைப்படம் பார்த்து இலை இலையாகச் செய்தவை. அத்தனையும் திரும்பி வந்தன. மரத்தில் குற்றமில்லை, நிழலில்தான் குற்றம். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் தோசை மாதிரி வட்டமாக நிழல் போட்டிருந்தோம். மதுரையில் உச்சி வெயிலில் நிழல் காலடியில்தானே கிடக்கும்? அவர்கள் ஊரில் நண்பகலில்கூடச் சூரியன் சாய்ந்தே நிற்குமாம், நிழல் சாலையைத் தாண்டி நீளுமாம். இலையைப் படம் பார்த்து வரைந்தவர்கள் நிழலைப் பார்க்கவில்லை. அது தெரியும் என்று நினைத்துவிட்டோம். அக்கா திட்டவில்லை. "தெரியாதத நல்லாச் செஞ்சிருக்கீங்கப்பா. தெரிஞ்சதுலதான் கோட்ட விட்டிருக்கீங்க," என்றார். ஐந்தாம் பாகத்தில் இதே குழியில் நான் மறுபடி விழுந்தேன்.

நான்காம் பாகத்தில் பார்வையாளர் கூட்டம் செய்தோம். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுப் பழக்கத்தில் சுவர் மேலும் லாரி மேலும் ஆட்களை ஏற்றிவிட்டோம். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. அந்தத் தைரியத்தில்தான் ஐந்தாம் பாகத்துக்கு முழுத் தடம் ஒன்றை எங்களிடம் கொடுத்தார்கள். வெயில் நாட்டுக் கிராமச் சாலை வேண்டும், உங்கள் ஊரையே செய்யுங்கள் என்றார்கள். முதன்முதலாக முழுத் தடம். அதையும் என் கையில் கொடுத்தார் அக்கா.

அந்தப் பாகத்தின் பெருமையே தரைதான். தார், சரளை, சேறு, மணல், புல், பனி என்று ஒவ்வொன்றிலும் கார் ஒவ்வொரு விதமாக ஓடும். பொங்கல் முடிந்த கையோடு உசிலம்பட்டிக்கு மேற்கே போய்ச் சாலைகளைப் படமெடுத்து வந்தோம். கண்மாய்க் கரை, புளியமரம், குறுகிய தார்ச்சாலை. தார்ச்சாலையின் ஒரு பாதியில் கொள்ளுச் செடியைப் பிடுங்கிப் பரப்பியிருந்தார்கள். அது அறுவடை நேரம். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறியே நெற்று உடைந்து கொள்ளு உதிரும். களம் தேவையில்லை, அடிக்க ஆள் தேவையில்லை. எனக்கு அது சாலையின் ஒரு பகுதி போலத்தான். நிர்மலா படத்தில் இருந்ததை அப்படியே பூசினார். நான் சாந்தாராமிடம் சொன்னேன், "இந்த எடத்துல வழுக்கும் மாப்ள. சைக்கிள்ல போயி முட்டியப் பேத்திருக்கேன்."

சாந்தாராம் மதுரை நகரத்து ஆள், மகாலுக்குப் பக்கம். நெசவுக் குடும்பம், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். கொள்ளு என்றால் ரசத்தில் மட்டும் பார்த்தவன். "எம்புட்டு வழுக்கும்?" என்று கேட்டான். "நல்லா வழுக்கும்." தரைகளின் பட்டியலில் கொள்ளு என்று ஒன்று கிடையாது. இருப்பதில் அதிகம் வழுக்குவது பனி. கொள்ளுப் பட்டைக்குப் பனியின் குணத்தைப் போட்டுவிட்டான். ஓட்டிப் பார்த்தோம். வழுக்கியது. அனுப்பிவிட்டோம்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. அந்த வெளிநாட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர். அவர் பேசியது ஆங்கிலம், நான் பேசியதை ஆங்கிலம் என்று அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். அவர் கேட்டது இதுதான்: "உங்கள் ஊரில் எப்போது பனி கொட்டியது?"

ஒலியோடு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எங்கள் அலுவலகத்தில் ஒலியே கிடையாது. கீழே வீட்டுக்காரம்மா பத்தாம் வகுப்புக்கு டியூஷன் எடுத்தார். கார் சத்தம் கேட்டால் மாடிக்கு ஏறி வந்துவிடுவார். அதனால் ஸ்பீக்கர்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தோம். நிர்மலா ஒன்றை எடுத்து மாட்டினார்.

புளியமரம் தாண்டிக் கார் கொள்ளில் ஏறியது. சரக் சரக்கென்று பனி மிதிபடும் சத்தம் வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்து வழி சொல்கிற குரல், "முன்னால் பனி, கவனம்," என்றது. மரத்தடியில் ஆடு படுத்திருக்க, கொளுத்துகிற வெயிலில், முன்னால் பனி.

அந்தப் பக்கம் கேட்காதபடி சாந்தாராம் போனின் ஊமைப் பொத்தானை அமுக்கினான். "போச்சுடா மாப்ள. அந்தப் பட்டையத் தூக்கிருவோம். வெறும் தாரா ஆக்கிரலாம். ஒரு மணி நேர வேல."

"தூக்கிட்டா தடத்துல என்ன இருக்கு?" என்றேன். தடம் சப்பென்று இருக்கிறது என்று முந்தின வாரமே அவர்கள் எழுதியிருந்தார்கள்.

தயாரிப்பாளரும் அதையேதான் சொன்னார். பனியோடு வெளியிட முடியாது. அதை எடுத்துவிட்டால் மற்ற நாலு தடங்களைப் போல ஐந்தாவது, அது தேவையில்லை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் பூட்டுகிறோம், அதன்பிறகு எதையும் மாற்ற முடியாது. உங்கள் தடத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், அடுத்த பாகத்தின் தடங்களுக்கு வேறு நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருக்கிறோம். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த ஒரு வரியில் பன்னிரண்டு பேருடைய வேலை இருந்தது.

"அது பனியில்லை, பயிர்," என்றேன்.

"சாலையிலா?"

"ஆமாம்."

"வண்டிகள் ஏறிவிடாதா?"

"ஏறுவதற்காகத்தான் போடுகிறார்கள்."

அவர் நம்பவில்லை. தப்பை மூடுவதற்கு நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். இன்னும் நாலு வாக்கியம் பேசினால் உளறிவிடுவேன் என்று தெரிந்தது. அக்கா எப்போதும் சொல்கிற ஒன்று ஞாபகம் வந்தது: பதில் இல்லையென்றால் பதில் மாதிரி ஒன்றைச் சொல்லாதே, எப்போது சொல்வாய் என்பதைச் சொல். "நாளைக்கு இதே நேரம் உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள்," என்று வைத்துவிட்டேன்.

"என்னத்தண்ணே காட்டுவீங்க?" என்றார் நிர்மலா. "அறுவட முடிஞ்சிருக்குமே."

வெள்ளிக்கிழமை காலையில் சாந்தாராம் தன் அண்ணனுடைய மாருதி காரைக் கேட்டு வாங்கினான். சண்டை சௌராஷ்டிரத்தில் நடந்தது. எனக்குப் புரிந்தது 'கார்', 'ஸ்கிராட்ச்' என்ற இரண்டு வார்த்தைகள்தான். நிர்மலா, கல்யாண வீடியோ எடுக்கும் தன் சித்தப்பாவின் கேமராவோடு வந்தார். உசிலம்பட்டியைத் தாண்டிச் சாலை சாலையாகப் போனோம். எங்கும் சுத்தமான தார். "போன வாரம் வந்திருக்கக் கூடாதா? எல்லாம் அடிச்சுத் தூத்தியாச்சே," என்றார்கள். நான் பொங்கலுக்குப் பார்த்த இடங்களில் கூட்டிப் பெருக்கிய தடம்கூட இல்லை.

ஒரு கண்மாய் வளைவில் கடைசியாகக் கிடைத்தது. அப்போதுதான் ஒரு அம்மா செடிகளை உதறி உதறிப் பரப்பிக்கொண்டிருந்தார். பெயர் ஒச்சம்மா. கேமராவைப் பார்த்ததும், "யாருக்குப்பா கல்யாணம்?" என்றார்.

"கல்யாணமில்ல அத்தே. இதுமேல காரு ஓட்டணும்."

"ஓட்டு. அதுக்குத்தான போட்டுருக்கு."

"ஓட்டிக்கிட்டே பிரேக் அடிச்சு வழுக்கணும்."

குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். "நீ யாரு மகன்?"

சொன்னேன்.

"படிச்சு மதுரையில வேல பாக்குறான்னு ஒங்காத்தா ஊருபூராம் சொல்லிக்கிட்டுத் திரியுது. காரை வழுக்கி விடுறதுதான் ஒன் வேலையா?"

"சம்பளம் குடுக்குறாக அத்தே."

"எவன் குடுக்குறானோ அவனச் சொல்லணும்," என்றார். பிறகு வியாபாரத்துக்கு வந்தார். வழுக்கினால் கொள்ளு வாய்க்காலில் தெறிக்கும், தெறிக்கிற கொள்ளுக்கு நாங்கள்தான் பொறுப்பு. அதோடு இன்னொரு நிபந்தனை. படம் எடுத்தவுடன் ஓடிவிடக் கூடாது. அது பஸ் வராத சாலை, டிராக்டர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கொள்ளு பூராவும் உதிரும்வரை எங்கள் கார்தான் மேலே போய்வர வேண்டும். எங்களுக்கு வேறு வழி இல்லை. ஒத்துக்கொண்டோம்.

சாந்தாராம் ஓட்டினான். நிர்மலா கேமராவோடு கரையில் நின்றார். வேகமாக வந்து கொள்ளின் மேல் பிரேக் அடித்தான். கார் மெத்தையில் உட்கார்ந்தது போல நின்றது. ஒரு அடிகூட வழுக்கவில்லை.

இன்னொரு முறை. அப்படியேதான்.

சாந்தாராம் கண்ணாடியை இறக்கினான். "மாப்ள, வழுக்கவே இல்ல."

"வழுக்கும்டா. நான் விழுந்துருக்கேன்."

"நீ சைக்கிள் ஓட்டத் தெரியாம விழுந்துருப்ப."

பனி என்ற பொய்யை முன்பு அறியாமல் அனுப்பினேன். இன்றைக்கு வழுக்கும் என்று நான் அடித்துச் சொன்னதும் பொய்யாகிவிட்டதா? திரும்பிப் போய், மன்னிக்கவும், அது வழுக்காது என்று சொல்ல வேண்டுமா? மரத்து நிழல் மறுபடி வட்டமாக என் காலடியில் கிடந்தது.

"என்ன அங்க கூடிப் பேசிக்கிட்டு," என்று ஒச்சம்மா குரல் கொடுத்தார். "வண்டிய ஓட்டுறீகளா, டிராக்டரக் கூப்புடவா?"

பேசினபடி ஓட்டினோம். போய்த் திரும்பி, போய்த் திரும்பி. ஒச்சம்மா இடையிடையே நிறுத்தச் சொல்லி, கவைக்கம்பால் செடியைப் புரட்டிவிடுவார். நெற்று உடைகிற சத்தம் ஊசிப் பட்டாசு மாதிரி மெல்லப் பொரிந்தது. நிர்மலா அதைக்கூடப் பதிவு செய்தார், வேறு எடுக்க ஒன்றுமில்லையே. வெயில் ஏறியது. சாந்தாராம் சலித்துப்போய் ஒரு கையால் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போது கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு ஆடு சாலைக்கு வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான்.

கார் நிற்கவில்லை. பின்பக்கம் முன்னால் வர, அரை வட்டம் சுற்றி, குறுக்காக வழுக்கிக்கொண்டு போய் முன்சக்கரம் வாய்க்கால் ஓரத்து மண்ணில் இறங்கியபோதுதான் நின்றது. கொள்ளு இரண்டு பக்கமும் மழைபோலத் தெறித்தது. ஆடு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். சாந்தாராமுக்கு ஒன்றுமில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "மாப்ள, பனியெல்லாம் பத்தாதுடா," என்றான்.

குனிந்து பார்த்தேன். செடி அப்படியேதான் கிடந்தது. ஆனால் அதற்கு அடியில், தாருக்கு மேல், உதிர்ந்த கொள்ளு குண்டு குண்டாக உருண்டுகொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. சின்ன வயதில் காலையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது நான் ஒரு நாளும் விழுந்ததில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போதுதான் விழுந்திருக்கிறேன். காலையில் அது மெத்தை. வண்டிகள் ஏற ஏற, நெற்று உடைய உடைய, அது வழுக்கத் தொடங்குகிறது. எத்தனையோ முறை முட்டி பெயர்ந்தும் இதை நான் யோசித்ததேயில்லை.

"சாந்தா, மொதல்ல போற காரு மாட்டும். மெதுவாயிரும்," என்றேன். "அடுத்தடுத்து வர்ற காரு வழுக்கும். ஒரே தரை, ஆனா ஓட ஓட மாறுது."

அவன் என்னைப் பார்த்தான். அந்த வரிசையின் எந்தப் பாகத்திலும், எந்தத் தடத்திலும், தரை மாறியதில்லை. முதல் சுற்றில் எப்படியோ கடைசிச் சுற்றிலும் அப்படியேதான். "நாலு வரில எழுதிரலாம் மாப்ள," என்றான் சாந்தாராம். "எத்தன காரு ஏறுச்சுன்னு எண்ணுனாப் போதும்."

"எடுத்தியா?" என்று நிர்மலாவைக் கேட்டேன்.

"ஆடு வந்ததுலேர்ந்து எடுத்துருக்கேன்ணே. கை ஆடிருச்சு."

விளாங்குடிக்கு வந்து முதல் பிரேக்கையும் கடைசி வழுக்கலையும் அடுத்தடுத்து ஒட்டினோம். நடுவில் நெற்று பொரிகிற சத்தம். பிராட்பேண்ட் புதிதாக வந்திருந்த காலம், கோப்பு எறும்பு ஊர்வது மாதிரி ஏறியது. கரண்ட் போகக் கூடாதென்று மூன்று பேரும் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறி முடிந்து சற்று நேரத்தில் போன் அடித்தது.

தயாரிப்பாளர்தான். பின்னால் பலர் சிரிக்கிற சத்தம் கேட்டது, ஆடு வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல. ஏளனச் சிரிப்பில்லை, நல்ல சிரிப்பு. நான் தரை மாறுவதைச் சொன்னேன். தெரிந்த ஆங்கிலத்தில், மெதுவாக, முதல் கார், பத்தாவது கார் என்று. அவர் ஒரு நிமிடம் இருங்கள் என்று தங்கள் பொறியாளரைக் கூப்பிட்டார். பொறியாளர் என்னை விட்டுவிட்டு சாந்தாராமிடம் பேசினார். எண்களில் பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் தடையே இல்லை என்று அன்றைக்குப் பார்த்தேன். கடைசியில் தயாரிப்பாளர் சொன்னார்: திங்கட்கிழமை மற்ற எல்லாவற்றையும் பூட்டுகிறோம், உங்கள் தடத்துக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம்.

நிர்மலா ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துத் தடத்தை ஓட்டினார். கீழேயிருந்து வீட்டுக்காரம்மா ஏறி வந்தார். நான் கதவிலேயே நின்று, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்மா," என்றேன். அவர் எட்டிப் பார்த்து, "இது நம்ம ஊர் ரோடு மாதிரில்ல இருக்கு," என்று உட்கார்ந்துவிட்டார்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் பாகத்தில் ஆட்கள் திரும்பத் திரும்ப ஓட்டிய தடம் நம்முடையது. ஆறாம் பாகத்தில் எல்லாத் தரைகளும் ஓட ஓட மாறத் தொடங்கின, சேறு குழைந்தது, சரளை ஒதுங்கியது. அந்தப் பாகத்தின் பாதித் தடங்கள் விளாங்குடிக்கு வந்தன. நாம் பன்னிரண்டிலிருந்து நாற்பது பேரானோம். இன்றைக்கு நீங்கள் திறக்கிற தரைப் பட்டியலில் தார், சரளை, சேறு, மணல், புல், பனிக்குக் கீழே ஏழாவதாக 'கொள்ளு' என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறதே, அது யாரோ விளையாட்டாக வைத்த பெயர் இல்லை. அந்தப் பொறியாளரே வைத்தது. இப்போது உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஸ்பீக்கரை மாட்டிவையுங்கள். தெரியாததைப் படம் பார்த்துச் செய்கிறீர்கள், நல்லது. தெரிந்ததையும் ஒரு தரம் போய்ப் பாருங்கள். ஒரு தரம் பார்த்து வழுக்கவில்லை என்றால் உடனே திரும்பி வந்துவிடாதீர்கள்.

அடுத்த வாரம் அக்கா திரும்பி வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டு முடித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "அதெல்லாம் சரிப்பா. செலவு எம்புட்டு ஆச்சு?"

பெட்ரோல் சாந்தாராம் அண்ணன் தலையில் போனது. அவர் காரின் அடியிலிருந்து சித்திரை வரைக்கும் கொள்ளு உதிர்ந்ததாம். கேமரா சித்தப்பாவுடையது. மிச்சம் ஒச்சம்மாவின் கணக்குதான். அவர் அன்று மத்தியானமே முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு அதைத் தீர்த்துவிட்டார். வாய்க்காலில் தெறித்த கொள்ளுக்கு அறுபது ரூபாய் நாங்கள் தர வேண்டும். டிராக்டருக்குப் பதிலாக எங்கள் கார் ஓடியதற்கு ஐம்பது ரூபாய் அவர் தர வேண்டும். கழித்தது போக நான் அவர் கையில் கொடுத்தது.

"பத்து ரூபா அக்கா," என்றேன்.